அடுப்பு ஆய்வு

லிஃப்ட் ஓடாது என்பது குஞ்சிதபாதத்துக்கு நன்றாகத் தெரியும். ஓடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓரிடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வேறோர் இடத்துக்கு அனுப்பியவரும் அவர்தான். இருந்தாலும் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தப் போனார். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. விரல் உள்ளே போய் ஈரமாக எதையோ தொட்டுக்கொண்டு வெளியே வந்தது. வெற்றிலைச் சாறு. கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே, இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும், என்று நினைக்க ஆரம்பித்தார். அந்த நினைப்பு அவருக்குத் தினமும் வருவதால் முழுவதையும் நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, பாதியிலேயே புரிந்துவிடும். “படிதான் சார்,” என்றான் பின்னால் நின்ற அலுவலக உதவியாளன் கோதண்டம். படிதான் என்று எனக்குத் தெரியாதா? குஞ்சிதபாதம் குடிசை மாற்று வாரியத்தின் எஸ்டேட் ஆபீசர். நகரத்தின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் ரயில் பாதை ஓரங்களிலிருந்தும் லாரியில் ஏற்றிவந்து இந்தச் சதுப்பு நிலத்தில் அடுக்கி வைத்த குடும்பங்களுக்கெல்லாம் வீடு கொடுப்பதும், கொடுத்த வீட்டைப் பிடுங்குவதும் அவர் வேலை. கொடுக்கும்போது மந்திரி வருவார், மேடை இருக்கும், சால்வை இருக்கும். பிடுங்கும்போது குஞ்சிதபாதம் மட்டும் வருவார். இன்றைக்குப் பிடுங்க வேண்டியது எஃப் பிளாக் எட்டாவது மாடியில் பவுனம்மாளின் வீடு. அங்கே யாரும் குடியில்லை என்று கோதண்டம் இரண்டு முறை போய்ப் பார்த்து எழுதிவிட்டான். மூன்றாவது முறை ஆபீசரே நேரில் பார்த்து, ஆமாம், குடியில்லை என்று சொல்லிவிட்டால் வீடு வாரியத்துக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு வார்த்தையை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பவுனம்மாள் விஷயத்தில் மட்டும் ஏறிப்போய், அவள் முகத்துக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

முதல் மாடித் திருப்பத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. ஆட்டுக்கு யார் ஒதுக்கீடு கொடுத்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிப்பதில் மட்டும் குறைச்சலில்லை. கைப்பிடிச் சுவர் முழுக்க ஈரத் துணி, படியின் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் குடம், பாசி, மீன் செதில், எங்கிருந்தோ ஒரு டிவியின் அழுகை. நாலு சுவரும் கூரையும் குழாயும் கொடுத்தாயிற்று, இன்னும் கால்வாய்க் கரையிலேயே இருப்பதாக நினைப்பு. மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இழுத்து: “அடுப்பு வர்றாரு! ஏய், அடுப்பு வர்றாருடீ!” அதற்கு மேல் மாடியிலிருந்து இன்னொரு குரல் அதையே வாங்கி மேலே அனுப்பியது. அடுப்பு என்றால் அவர்தான். முதன்முதலில் அது காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் கோபம் வந்தது. அப்போது அதை ஒரு பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். நியாயம்தானே, அடுப்பு ஆய்வைக் கண்டுபிடித்தவர் அவர். வீட்டை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி கால்வாய்க் கரைக்கே போய்விடுகிறார்கள், யார் உண்மையில் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்று மேலிடம் குடைந்தது. மற்ற ஆபீசர்கள் பக்கத்து வீட்டில் சாட்சி கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பொய் சொன்னான். ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டு பொய் சொன்னது. குஞ்சிதபாதம் ஒரு நாள் ஒரு வீட்டுக்குள் போய், எதற்கென்று தெரியாமலே அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கியது. மனுஷன் பொய் சொல்வான், காகிதம் பொய் சொல்லும், அடுப்பு சொல்லாது. குடியிருக்கிறவன் சமைப்பான், சமைத்தால் சூடு இருக்கும். இதைக் கேட்ட டைரக்டர் மேஜையைத் தட்டி, “பிரமாதம், பாதம்!” என்றார். எல்லாக் கோட்டங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. அடுப்பு ஆய்வு. அவருடைய முப்பத்துச் சொச்சம் வருஷச் சர்வீஸில் அவருடைய தலையிலிருந்து மட்டும் வந்த ஒரே விஷயம்.

இரண்டாவது மாடியைத் தாண்டும்போதே நாற்றம் ஆரம்பித்தது. நாற்றம் என்று சொல்லக் கூடாது, அது வெறும் ஆவி, வெறும் தண்ணீர் கொதிக்கிற வாடை, நடுவில் கேஸ் வாடை. திறந்திருந்த கதவுகளுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் நீல நெருப்பு. அதன் மேல் ஒரு பாத்திரம், பாத்திரத்தில் தண்ணீர். சில வீட்டில் பாத்திரம் வைக்கக்கூட நேரமில்லாமல் வெறும் நெருப்பு மட்டும் எரிந்தது. குரல் கீழே கிளம்பி எட்டாவது மாடியைத் தொடுவதற்குள் பிளாக் முழுக்க அடுப்பு பற்றிக்கொண்டுவிடும். வேறு வேலை எதையாவது இவ்வளவு கச்சிதமாகச் செய்கிறார்களா? குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடத் தெரியாது, இதற்கு மட்டும் ராணுவம். மூன்றாவது மாடியில் ஒருத்தி வாசலிலேயே நின்றிருந்தாள், இடுப்பில் கை, முகத்தில் பொங்கி வழிகிற மரியாதை. “வாங்க சார், வந்து தொட்டுப் பாருங்க சார்.” “என்ன சமையல்?” “வெந்நி சார்.” “வெந்நீர் எதுக்கு?” “குடிக்கத்தான் சார். ஒடம்புக்கு முடியல.” “யாருக்கு முடியல?” “யாருக்காவது முடியாமப் போகும் இல்ல சார்?” உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அந்த வீடு யார் பெயரில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். இவள் அந்தப் பெயர்க்காரி இல்லை என்பதும் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவரிடம் வழியில்லை. அடுப்பு சூடாக இருக்கிறது. சூடாக இருந்தால் குடியிருக்கிறார்கள். அவர் எழுதிய விதி அவரைப் பார்த்தே கொதித்தது. தன்னுடைய ஒரே கண்டுபிடிப்பை இந்த ஜனங்கள் ஒரு சொம்புத் தண்ணீரில் அவித்துவிட்டார்கள். இதை டைரக்டரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் ஆய்வு போகும், ஆய்வோடு பாதம் போவார். அதனால் இது நடப்பதே தனக்குத் தெரியாது என்று தீர்மானித்திருந்தார். கோதண்டத்துக்கும் தெரியாது. கேட்டிலிருந்து முதல் குரலைக் கிளப்பிவிடுவதே கோதண்டத்தின் கைபேசிதான் என்பதுகூட அவருக்குத் தெரியாது, தெரியாது, தெரியவே தெரியாது.

நான்காவது மாடிக்கு மேல் மூச்சு முட்டியது. நின்றார். நிற்கிறதாகத் தெரியாமல் இருக்க, சுவரில் இருந்த விரிசலை உற்றுப் பார்த்தார். கோதண்டமும் அதே விரிசலைப் பார்த்து, “எழுதிக்கவா சார்?” என்றான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை, பாவி. விரிசலைப் பார்க்க வந்தவன் மாதிரி நிற்கிறான். மார்புக்குள் ஏதோ ஒன்று, வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளேயிருந்து கதவைச் சும்மா தள்ளிப் பார்க்கிற மாதிரி. டாக்டர் டிரெட்மில்லில் ஓடிக் காட்டச் சொல்லியிருந்தார். போகவில்லை. இப்போது இங்கே விழுந்தால்? இந்தத் திருப்பத்தில், இந்தப் பாசியில், இந்த ஆட்டுப் புழுக்கையின் மேல்? கூட்டம் கூடும். ஒருத்தி முகத்தில் தண்ணீர் அடிப்பாள், வெந்நீர்தான் இருக்கிறது, வெந்நீரை அடிப்பாள். அப்புறம் எப்படிக் கீழே இறக்குவார்கள்? இந்த இடத்தில் நினைப்பு முள்ளில் சேலை மாட்டியதுபோல மாட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலி. போன மாதம் ஆறாவது மாடியில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்து, லிஃப்ட் இல்லாததால் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். நாலாவது மாடியிலேயே, இதோ இங்கே எங்கேயோதான், பிள்ளை பிறந்துவிட்டதாம். குறைதீர் நாள் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் அதைச் சொன்னவள் பவுனம்மாள். சொன்னாள் என்றா சொல்வது, கூட்டத்தையே கூட்டி நடத்தினாள். “அய்யா, எங்க ஆபீசரு எட்டாவது மாடிக்கு ஒரு தபா ஏறி வரட்டும். வந்துட்டா லிஃப்டு தேவையில்லன்னு நானே எழுதிக் குடுத்துடுறேன். வரலன்னா எந்த மாடியில விழுந்தாரோ அந்த மாடி வரைக்கும் லிஃப்டு வுடுங்க.” கூட்டம் சிரித்தது. கலெக்டர், நேற்று வந்த பையன், அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, “என்ன சார், ஏறிடுவீங்களா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டான். மைக் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. அவரும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு இன்னும் வாயிலேயே இருந்தது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்.

ஏறுகிறேன் பார். ஐந்தாவது மாடி. ஏறி வந்து உன் அடுப்பைத் தொடுகிறேன். இரண்டு முறையும் சில்லிட்டிருந்த அடுப்பு, மூன்றாவது முறையும் சில்லிட்டிருக்கட்டும். ஒரு சொம்பு தண்ணீரை வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தவர்கள் அவளிடம் தலைதலையாக அடித்துக்கொண்டார்களாம், மாட்டேன் என்றாளாம். கோதண்டம்தான் சொன்னான். திமிர். திமிரைப் போல அவருக்குப் பிடிக்காத பொருள் உலகத்தில் வேறில்லை. இருக்கிறவனுக்குத் திமிர் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், மன்னித்துவிடலாம். இல்லாதவளுக்குத் திமிர் எதற்கு? காலையில் வட்டச் செயலாளர் தங்கராசு கூப்பிட்டதும் அந்த வீட்டுக்காகத்தான். “சார், நம்ம மச்சான் குடும்பத்தோட கஷ்டப்படுறான். எஃப் பிளாக்ல ஒண்ணு காலியாகுதாமே.” காலியாகவில்லை, ஆகப்போகிறது என்று திருத்தினார். “அதான் சார், ஆகப்போறது. நீங்க ரிட்டயர் ஆகப்போற மாதிரி. அது நல்லபடியா ஆகணும் இல்ல?” மச்சானுக்கு இரண்டு மாடி வீடு இருக்கிறது, தங்கராசுவின் வீட்டுக்கு எதிரிலேயே. இதுவும் குஞ்சிதபாதத்துக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று. தெரியாத விஷயங்களின் பட்டியல் பெரிதாகப் பெரிதாகத் தான் உத்தியோகத்தில் உயர்ந்ததாக அவருக்கு ஒரு எண்ணம் உண்டு. தங்கராசுவிடம் அவருக்கு மரியாதை கிடையாது. மச்சானிடம் கிடையாது. கலெக்டரிடம், டைரக்டரிடம் கிடையாது. இந்தப் படியில் எதிரே வந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டு, அவர் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஊதிக் காட்டுகிற இந்தப் பயல்களிடம் கிடையவே கிடையாது. யாரிடமும் மரியாதை இல்லாமல் எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் எத்தனை மாடி ஏற முடியும்?

ஆறாவது மாடியில் ஒரு வீட்டின் கதவு மூடியிருந்தது. அங்கே அடுப்பு எரியவில்லை. கோதண்டம் தட்டப் போனான், “வா, வா,” என்று மேலே கை காட்டினார். மூடிய கதவைப் பார்த்ததும் தன் வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. வரக் கூடாதென்று பிடித்துவைத்திருந்த ஞாபகம். மனைவி விசாலம் பெங்களூருக்குப் போய் மாதக்கணக்காகிறது. மகளுக்குப் பிரசவம், குழந்தை, குழந்தைக்குச் சளி, மருமகனுக்கு வேலை மாற்றம். ஒவ்வொன்றாக முடிய முடிய அடுத்தது ஒன்று முளைத்தது. தினமும் போன் பண்ணுவாள். “சாப்டீங்களா?” “ஆச்சு.” “என்ன?” “தோசை.” தோசை மெஸ்ஸிலிருந்து வருகிறது. சோறும் மெஸ்ஸிலிருந்து வருகிறது. காபிகூடத் தெருமுனைக் கடையில்தான். விசாலம் துடைத்து வைத்துவிட்டுப் போன அடுப்பு துடைத்தபடியே பளபளவென்று இருக்கிறது. யாராவது ஓர் ஆபீசர் வந்து கையை வைத்தால், சில். குடியில்லை. அவருக்குக் கழுத்தில் வியர்த்தது. குடியில்லை என்று எழுதினால் தவறென்று சொல்லிவிட முடியுமா? ராத்திரி தூங்குகிறார், காலையில் குளிக்கிறார், பூட்டுகிறார், திறக்கிறார். அது குடியிருப்பதா? விசாலம் வருவாளா? வருவாள். வராமல் எங்கே போவாள். வர மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியாத விஷயங்களில் சேர்ந்துகொள்ளட்டும். இது அபத்தம். சம்பளக்காரனின் சொந்த வீடும் வாரிய வீடும் ஒன்றா? விதி இவர்களுக்கு. இவர்களுக்காக எழுதியது. தனக்குத்தானே எழுதிக்கொள்கிற பைத்தியக்காரன் யாராவது உண்டா, என்று ஒரு படிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். வார்த்தை தீர்ந்தும் படி தீரவில்லை.

ஏழாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. “அடுப்பு அணையப் போவுது பாரு,” என்றான் ஒருவன் காயை நகர்த்தியபடி. “ஊதிவுடு,” என்றான் மற்றவன். கோதண்டம், “டேய்,” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதட்டுகிற குரலில். குஞ்சிதபாதத்துக்கு அவர்களைத் திட்டக் காற்று இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். யாருடையதோ ஈரப் பாவாடையைப் பிடித்திருந்தார். விட்டார். கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. கீழே எட்டிப் பார்த்தால் ஜீப் ஒரு தீப்பெட்டி. அதற்கு அப்பால் சதுப்பு, பச்சைத் தண்ணீர், அதில் நின்று எதையோ கொத்தும் நாரைகள். நாரைக்குக்கூட எட்டு மாடி ஏற வேண்டியதில்லை. இவ்வளவு உயரத்தில் ஒருத்திக்கு வீடு கொடுத்தது யார்? நான்தான். கம்ப்யூட்டர் குலுக்கலில் விழுந்த மாடி என்று சொன்னோம். அன்றைக்குக் குலுக்கல் முடிந்தபோது கீழ்மாடியெல்லாம் யார் யாருக்கோ விழுந்திருந்தது. விழ வேண்டியவர்களுக்கு விழுந்திருந்தது. சரி, ஏறு. ஏறியாயிற்று. அவரால் நம்ப முடியவில்லை. மேலே படி இல்லை.

பவுனம்மாள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சேலையைச் செருகிக்கொண்டிருந்தாள், வெளியே கிளம்புகிறவளாக. ஐம்பது வயது இருக்கும். குறைதீர் நாளில் பெரிய உருவமாகத் தெரிந்தவள் பக்கத்தில் பார்க்கும்போது குள்ளம். “அட, வந்துட்டாரு!” என்றாள். ஆச்சரியம் நிஜமாகவே இருந்தது. “கோதண்டம், இன்னா ஆளு வெளுத்துப் போயிக் கீறாரு? உக்காரவை, உக்காரவை.” ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பச்சை நாற்காலி. குஞ்சிதபாதம் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. எதற்காக ஏறி வந்தாரோ அதை முதலில் செய்துவிட வேண்டும். நேரே சமையல் மேடைக்குப் போனார். அடுப்பு இருந்தது. அடுப்பின் ஒரு பர்னர் மேல் முகம் பார்க்கும் கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது, இன்னொன்றின் மேல் பவுடர் டப்பா, சீப்பு, சீப்பில் நரைமுடி, தைலப் புட்டி, டிவி ரிமோட், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். குஞ்சிதபாதம் தன் சர்வீஸில் எத்தனையோ அடுப்புகளைத் தொட்டிருக்கிறார். இப்படி ஓர் அடுப்பை அவர் பார்த்ததில்லை. கை வைக்க இடமில்லை. பவுடர் டப்பாவை நகர்த்தி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது, அவ்வளவு மாடி ஏறிய கைக்கு அது இதமாகக்கூட இருந்தது. “சமைக்கறதில்லையா?” என்றார் ஒருவழியாக. “ஏன் சமைக்காம? அறுவது பேருக்குச் சமைக்கிறேன். பொண்ணுங்க ஆஸ்டல்ல. விடியாங்காட்டியும் போனா அங்க அடுப்பு, சாயங்காலமும் அங்க அடுப்பு. வூட்டுக்கு வந்தும் நெருப்பு மூஞ்சியிலயா முழிக்கிறது? அங்கேர்ந்து தூக்குல எடுத்தாந்து துன்னுட்டுக் காலை நீட்டிப் படுத்துப்பேன்.” “இந்த ஒரு நாள் வச்சிருக்கலாமே?” இந்தக் கேள்வியைத் தான் கேட்டிருக்கக் கூடாது என்பது கேட்ட பிறகு தெரிந்தது. கோதண்டம் கூரையைப் பார்த்தான். பவுனம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். “என் வூட்ல நான் கீறேன்னு தண்ணி கொதிச்சுச் சொல்லணுமா? நான் சொன்னாப் பத்தாதா?” என்றாள்.

பதில் இருந்தது. விதி எண் இருந்தது, சுற்றறிக்கையின் வாசகம் அப்படியே மனப்பாடமாக இருந்தது, ஆனால் மார்புக்குள் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தவன் இப்போது தோளைக் கொடுத்துத் தள்ளினான். குஞ்சிதபாதம் மேடையைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவள் கத்தவில்லை, கூட்டம் கூட்டவில்லை. அறுபது பேரைத் தினமும் சமாளிக்கிறவள். “சட்டையக் கழட்டு சார். காத்து படட்டும். கோதண்டம், நீ ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியா.” எஸ்டேட் ஆபீசர் சட்டையைக் கழற்றினார். பாயை விரித்தாள். படுத்தார். தலைக்கு ஒரு தலையணை வந்தது, தேங்காய் எண்ணெய் வாசனையோடு. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. “எனுக்கு டைம் ஆச்சு. லேட்டா போனா அந்த வார்டன் அம்மா வாயில வுழ முடியாது. நீ பாட்டுக்குப் படுத்திரு. போறப்ப பூட்ட அழுத்திட்டுப் போ, சாவி இல்லாமயே விழும். அந்த ஆணியில மாட்டிக் கீது.” வாசலில் செருப்பைத் தேடியபடியே, “எழுதறத எழுதிக்கோ. கெஞ்சுவேன்னு பார்க்காத,” என்றாள். அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. வேகமாக, நிற்காமல், வழியில் யாரையோ ஏசிக்கொண்டு, அந்தச் சத்தம் தேய்ந்துபோனது. போய்விட்டாள். தன் வீட்டைப் பறிக்க வந்தவனைத் தன் பாயில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இதற்குப் பெயர் திமிர் இல்லாமல் என்ன? நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. நல்லவர்களையும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாயில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது, ஒரே ஆள் ஒரே பக்கமாகப் படுத்த பள்ளம். அவருடைய முதுகு அதில் பொருந்தவில்லை. சுவரில் மழை நீர் இறங்கிய கறை. அது தெரியாமல் இருக்க ஒரு காலண்டர். கறை காலண்டரைவிடப் பெரிது. மூலையில் ஹவாய்ச் செருப்பின் வாரில் ஊக்கு. கொடியில் உலர்ந்துபோன ஒரு ரவிக்கை. சூடில்லை, ஆவியில்லை, பிளாக் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரின் வாடை இந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. குடியில்லை. எழுத வேண்டியது அதுதான். கோதண்டம் சோடாவோடு வரட்டும், எழுதிவிட்டு இறங்கலாம். ஒரு வார்த்தைதானே. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காலடி கேட்டது, கோதண்டத்தின் செருப்பு இல்லை, பூட்ஸ். கண்ணைத் திறந்தபோது அவர் தலைக்கு நேரே ஒரு பூட்ஸ் கால் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தலையைத் தாண்டி. பின்னாலேயே இன்னொரு காலும் தாண்டியது. சென்ட் வாசனை. கையில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுவரை முட்டியால் தட்டினான். குழாயைத் திறந்து மூடினான். “இவ்ளோதானா? ரெண்டு பீரோ வச்சா முடிஞ்சுது,” என்று தனக்குத்தானே சொன்னான். அடுப்பின் மேலிருந்த சாமான்களைப் புறங்கையால் ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஹெல்மெட்டை வைத்தான். சீப்பு கீழே விழுந்து பாய் வரைக்கும் வந்தது. அப்புறம்தான் கீழே பார்த்தான்: பனியன், தொந்தி, வியர்வை, நரை. “என்னா பெருசு,” என்றான், பல்லிடுக்கில் எதையோ நோண்டியபடி, “ஆபீசரு வந்து போய்ட்டாரா? எப்ப காலி பண்ற?” குஞ்சிதபாதத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வியப்பு. இப்படித்தான் கேட்பார்களா? இத்தனை வருஷம் வாசலில் நின்று தான் கேட்டதும் இந்தக் குரலில்தானா? இல்லை, அவர் மரியாதையாகத்தான் கேட்பார், சம்பந்தப்பட்டவர் என்பார், காலி செய்யுமாறு என்பார். “காது கேக்கலையா? பொட்டி படுக்கைய இப்பவே கட்டி வையி. நாளைக்குப் பெயிண்டரு வர்றான்.” பூட்ஸ் முனை பாயின் ஓரத்தை ஒரு நெம்பு நெம்பியது. லேசாகத்தான். ஒரு பூனையை நகர்த்துகிற மாதிரி.

கோதண்டம் சோடாவோடு வாசலுக்கு வந்து அப்படியே நின்றான். “சார்!” என்றான். அந்த ஒரு சொல்லில் அந்த ஆளின் முகம் மாறியது; மாறிய வேகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. “அய்யோ, சார், நீங்களா! தங்கராசு மச்சான் சார் நான். பனியனோட இருந்தீங்களா, ஆள் தெரியல சார், மன்னிச்சுக்கங்க.” வாய் முழுக்க இப்போது மரியாதை. ஹெல்மெட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. குஞ்சிதபாதம் எழுந்து உட்கார்ந்தார். சோடாவை வாங்கி நிதானமாகக் குடித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வரும்போது தான் இவனை வெறுக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்தது. தங்கராசுவை வெறுப்பதைவிட, கலெக்டரை வெறுப்பதைவிட, பவுனம்மாளைவிட. இவ்வளவு மாடி ஏறிய பிறகு எல்லா வெறுப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததில் ஒரு வசதி இருந்தது. நியாயம் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். நியாயத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர் தங்கராசுகளுக்குச் சாதகமாகத்தான் முடித்திருக்கிறார். “கோதண்டம், போட்டுக்கோ,” என்றார். கோதண்டம் ஆய்வு முடிவைப் பதிகிற டேப் கம்ப்யூட்டரை எடுத்தான். “குடியிருக்கிறார்.” கோதண்டத்தின் விரல் அந்தரத்தில் நின்றது. “சார், அடுப்பு...” “நான் தொட்டுப் பார்த்தேன். போடு.” கோதண்டம் அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்தவன்போலச் சட்டென்று போட்டான். டேப் ஒரு சின்ன மணியோசை எழுப்பியது. மூன்றாவது ஆய்வு முடிந்தது.

மச்சான் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்திருந்தான். “மாமா, இந்த ஆளு வேற மாதிரி பேசறாரு மாமா,” என்று சுவரோரமாகப் போய்ச் சொன்னான். பிறகு கைபேசியை நீட்டினான். “சார், மாமா லைன்ல. உங்க நல்லதுக்குத்தான் பேசணுமாம்.” கைபேசிக்குள்ளிருந்து தங்கராசுவின் குரல், எறும்பு கத்துவதுபோல, பாதம் சார், பாதம் சார் என்றது. தூரத்துக் கோட்டம் எதற்காவது மாற்றல் வரும். பென்ஷன் ஃபைலில் எவனாவது ஒரு கேள்வி எழுதிவைப்பான். இதெல்லாம் குஞ்சிதபாதத்துக்குத் தெரியும்; தெரியாது என்று சொல்லிக்கொள்ள முயன்று பார்த்தார், இந்த ஒருமுறை அது வரவில்லை. அவர் கைபேசியைத் தொடவில்லை. அடுப்பின் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மச்சானின் நீட்டிய கையில் கைபேசியோடு சேர்த்து வைத்தார். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கோதண்டமும் வந்தான். மச்சான் வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, “யோசிச்சுச் செய்யுங்க சார்,” என்றான். “காலை எடு,” என்றார் குஞ்சிதபாதம். அவன் எடுக்கவில்லை. கதவை இழுத்தார். பூட்ஸில் இடித்து நின்றது. இன்னொருமுறை, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார். கால் வெளியே வந்தது. கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி, அழுத்தினார். அது விழுந்தது. ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.